மட்சுயேயில் மத்தியானச் சாப்பாடு

ஜப்பானில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால், என்ன வேலை என்று யாரும் முதலில் கேட்பதில்லை. "அங்கே என்னடீ சாப்பிடறே?" என்பதுதான் முதல் கேள்வி. அதிலும் சைவம் என்று தெரிந்தவர்கள் குரலில் ஒரு பரிதாபமே வந்துவிடும். பச்சை மீனும் கடற்பாசியுமாக இருக்கிற தேசத்தில் இவள் என்ன, காற்றையா குடிக்கிறாள் என்று!

கேள்வி நியாயமானதுதான். ஏனென்றால் இங்கே ஆங்கில வாத்தியாரம்மாவாக வருகிறவளுக்குப் பாடம் நடத்துவதைவிடப் பெரிய வேலை, குழந்தைகளோடு உட்கார்ந்து மத்தியானம் சாப்பிடுவது.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். மட்சுயே, ஜப்பானின் மேற்குப் பகுதியில், ஷிமானே மாநிலத்தில், ஒரு பெரிய ஏரிக்கரையில் இருக்கிறது. டோக்கியோவில் ராத்திரி ரயில் ஏறினால் மறுநாள் காலை ஒன்பதரை மணி வாக்கில் இங்கே இறங்கலாம். 1611-ல் கட்டி முடித்த மரக்கோட்டை ஒன்று ஊர் நடுவே நிற்கிறது. மழையும் மேகமூட்டமும் அதிகம். "சாப்பாட்டு டப்பாவை மறந்தாலும் குடையை மறக்காதே" என்று இந்தப் பக்கத்தில் ஒரு பழமொழியே உண்டு. என் கணவருக்கு இங்கே கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை. 2022 ஏப்ரலில் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தோம். தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தியவள் என்பதால் எனக்கும் ஆரம்பப் பள்ளிகளில் உதவி ஆசிரியை வேலை கிடைத்தது.

வெளிநாட்டிலிருந்து ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க ஆள் வருவது இந்த ஊருக்குப் புதிதில்லை. 1890-லேயே லாஃப்காடியோ ஹெர்ன் என்பவர் இங்கே வந்து மாணவர்களுக்கு ஆங்கிலம் நடத்தினார். இந்த ஊர்ப் பெண்ணான செட்சுவையே மணந்துகொண்டு, கொய்சுமி யாகுமோ என்று ஜப்பானியப் பெயரும் வைத்துக்கொண்டார். மட்சுயேயில் அவர் இருந்தது ஒன்றேகால் வருஷம்தான். குளிர் தாங்காமல் தெற்கே போய்விட்டார். ஆனாலும் அவர் குடியிருந்த வீட்டை இன்றும் கோட்டை அகழிக்கரையில் கண் போலக் காத்து வருகிறார்கள். அந்தக் குளிர் என்னவென்று எனக்கும் இப்போது தெரியும்! வீடு முழுவதையும் சூடாக்கும் வழக்கம் இங்கே கிடையாது. கொடாட்சு என்று ஒரு குட்டை மேஜை. அடியில் மின்சாரக் கணப்பு, மேலே ரஜாய். அதற்குள் காலை நீட்டிக்கொண்டு குடும்பமே உட்கார்ந்திருக்கும். எங்கள் வீட்டில் கால்களோடு இட்லி மாவுப் பாத்திரமும் உள்ளே இருக்கும். இல்லாவிட்டால் ஜனவரி மாதத்தில் மாவு பொங்குவதாவது!

2020-ல் இருந்து இங்கே ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் முறையான பாடம். மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு ஆட்டமும் பாட்டுமாகப் பழக்கம் மட்டும். மெய்யெழுத்தில் முடிகிற வார்த்தை குழந்தைகள் வாயில் நிற்பதில்லை. பஸ் என்றால் "பசு", மில்க் என்றால் "மிருக்கு". எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பாட்டியும் பஸ்ஸு, மில்க்கு என்றுதான் சொல்வாள். அவர்களுடைய எழுத்து வரிசையைக் கேட்டால் நீங்களே ஆச்சரியப்படுவீர்கள். அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க, ச, த, ந என்று போகும்! சமஸ்கிருத எழுத்து கற்ற புத்த பிட்சுக்கள் வழியாக வந்த வரிசை அது. என் மகள் அதை ஒரு வாரத்தில் ஒப்பித்துவிட்டாள்.

இருக்கட்டும், சாப்பாட்டுக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்குக் 'கியூஷொக்கு' என்று பெயர். 1889-ல் வடக்கே ட்சுருஓகா என்ற ஊரில், கோயிலில் நடந்த ஒரு பள்ளியில், ஏழைக் குழந்தைகளுக்குச் சோற்று உருண்டையும் உப்பு மீனும் ஊறுகாயும் கொடுத்ததுதான் ஆரம்பம் என்கிறார்கள். யுத்தத்துக்குப் பின் பஞ்ச காலத்தில் ரொட்டியும் பால்பவுடரும் தந்தார்கள். 1954-ல் இதற்கென்றே சட்டம் வந்தது. அரிசிச் சாதம் முறையாகச் சேர்ந்தது 1976-ல்தான். அரிசியே உயிர் என்றிருக்கிற தேசத்தில் இரண்டு தலைமுறைக் குழந்தைகள் பள்ளியில் ரொட்டி தின்று வளர்ந்திருக்கிறார்கள், பாருங்கள்!

மத்தியானம் மணி அடித்ததும் வகுப்பறையே சாப்பாட்டுக் கூடம் ஆகிவிடும். அந்த வாரம் முறை வருகிற குழந்தைகள் வெள்ளை அங்கி, வெள்ளைத் தொப்பி, வாய்க்கு முகமூடி மாட்டிக்கொண்டு, பெரிய பெரிய அண்டாக்களைத் தள்ளுவண்டியில் கொண்டு வருவார்கள். ஏழு வயதுப் பொடிசு ஒன்று கரண்டியால் சூப்பை அளந்து ஊற்றும். இன்னொன்று சாதம் வைக்கும். அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. ஆசிரியர் பக்கத்தில் நிற்பாரே தவிர, கரண்டியைப் பிடுங்கமாட்டார். சிந்தினால் சிந்தியவரே துடைக்கவேண்டும். எல்லாருக்கும் வைத்து முடிகிற வரை ஒருவரும் தொடமாட்டார்கள். பிறகு கைகூப்பி எல்லாரும் சேர்ந்து "இத்தாதகிமாஸ்" என்பார்கள். பணிவோடு பெற்றுக்கொள்கிறேன் என்று பொருள்.

குழந்தைகளுக்கு முன்னால் தலைமை ஆசிரியர் சாப்பிட்டுப் பார்த்துவிடுவார். உப்பு, வேக்காடு, வாசனை எல்லாம் சரிதானா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. ஆளுக்கு 200 மில்லி பால். குடித்து முடித்த அட்டைப் பெட்டியைக் குழந்தைகளே பிரித்துக் கழுவித் தட்டையாக்கிக் காயவைப்பார்கள். எட்டு, ஒன்பது வயதுக் குழந்தையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 650 கலோரி, உப்பு 2 கிராமுக்குள், சுண்ணாம்புச் சத்து 350 மில்லிகிராம் என்று அரசாங்கம் அளவு வைத்திருக்கிறது. இதையெல்லாம் கணக்குப் போட உணவுச் சத்து படித்த ஆசிரியை ஒருவர் இருக்கிறார். மாதா மாதம் வீட்டுக்கு ஒரு பட்டியல் வரும். ஒவ்வொரு நாளும் என்ன, அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதை மூன்று நிறத்தில் பிரித்திருப்பார்கள். ரத்தமும் சதையும் வளர்ப்பது சிவப்பு, தெம்பு தருவது மஞ்சள், உடம்பைச் சீராக வைப்பது பச்சை. அந்தப் பட்டியலை நான் ஆங்கில வகுப்பிலேயே பயன்படுத்திக்கொள்கிறேன். காரட் எந்த நிறம், டோஃபு எந்த நிறம் என்று கேட்டால், பேசவே பேசாத பையன்கூடக் கையைத் தூக்குவான்.

நான் வந்த புதிதில் கொரோனாவுக்காக மௌனச் சாப்பாடு. எல்லாரும் கரும்பலகையைப் பார்த்தபடி, பேச்சே இல்லாமல் சாப்பிடவேண்டும். முப்பது குழந்தைகள் இருக்கிற அறையில் ஸ்பூன் சத்தம் மட்டும் கேட்கும். அந்த வருஷக் கடைசியில் பேசலாம் என்று அனுமதி வந்து, மெல்ல மெல்ல மேஜைகளைச் சேர்த்துப் போட்ட பிறகுதான் எனக்குக் குழந்தைகளைத் தெரிய வந்தது. என் டப்பாவைச் சுற்றி ஆறு தலைகள்! எலுமிச்சைச் சாதத்தைப் பார்த்ததும் "கறியா சென்சே?" தேங்காய்ச் சாதத்தைப் பார்த்தாலும் "வெள்ளைக் கறியா சென்சே?" இந்தியாவில் மூன்று வேளையும் கறிச்சோறுதான் என்று அவர்கள் எண்ணம். ஜப்பானியர்களின் கறிச்சோறு இங்கிலாந்து வழியாக இங்கே வந்தது. கெட்டியாக, இனிப்பாக இருக்கும். குழந்தைகளுக்கு உயிர். கடையில் விற்கிற அந்த மசாலாக் கட்டியில் பெரும்பாலும் மிருகக் கொழுப்பு சேர்ந்திருக்கும் என்பதால் எனக்கு அதுவும் ஆகாது.

ஆமாம், நான் ஏன் டப்பா கொண்டு போகிறேன் என்று சொல்லவில்லையே. சிக்கல் மீன் துண்டில் இல்லை, அதை ஒதுக்கிவிடலாம். சிக்கல் 'டாஷி'யில். சூரை மீனை வேகவைத்து, புகையில் காட்டி, மரக்கட்டை மாதிரி இறுகும் வரை காயவைத்து, இழைப்புளியில் சீவுவதுபோலச் சீவி, வெந்நீரில் போட்டு வடிகட்டுகிறார்கள். நம் தெற்குச் சீமையில் மாசிக் கருவாடு என்பார்களே, அதன் பெரியப்பா மகன். சில வீடுகளில் நெத்திலிக் கருவாட்டு டாஷி. நமக்குப் புளித்தண்ணீர் எப்படியோ அவர்களுக்கு டாஷி அப்படி. கீரையிலும் உண்டு, பரங்கிக்காயிலும் உண்டு, சேப்பங்கிழங்குக் கூட்டிலும் உண்டு. கண்ணுக்குத் தெரியாது. 'வெஜிடேரியன்' என்று சொன்னால், "அப்படியா, காய்கறி நிறையச் சாப்பிடுவீங்களா, நல்லது" என்று அன்போடு அதே கிண்ணத்தை நீட்டுவார்கள். அதைவிட 'ஷோஜின்' என்று சொன்னால் வயதானவர்களுக்குச் சட்டென்று புரியும். புத்த மடங்களில் துறவிகள் சாப்பிடுகிற, மீனும் மாமிசமும் இல்லாத சமையல் அது.

அந்த மடத்துச் சமையல்தான் எனக்குக் கை கொடுத்தது. கொம்பு என்கிற அகலக் கடற்பாசியில் ஒரு துண்டும், உலர்ந்த ஷீடாக்கே காளான் இரண்டும் எடுத்து, ராத்திரி ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் போட்டுவிட்டுத் தூங்கப்போனால் காலையில் டாஷி தயார். அடுப்பு வேலையே இல்லை. இந்தக் கொம்புத் தண்ணீருக்கு ஏன் தனி ருசி என்று ஆராய்ந்துதான் 1908-ல் இக்கேடா கிகுனாயே என்ற பேராசிரியர் 'உமாமி'யைக் கண்டுபிடித்தார். வெண்டை, கத்தரி, முள்ளங்கி, பரங்கி, பாகற்காய் எல்லாம் இங்கே கடையில் உண்டு. டோஃபுவில் பத்து தினுசு. இங்கத்து அடுப்புகளில் கீழே மீன் சுடுவதற்கென்று ஓர் அறை இருக்கும். நான் அதில் கத்தரிக்காய் சுட்டுக் கொத்சு பண்ணுகிறேன், அப்பளமும் சுடுகிறேன். காய்ச்சல் வந்தால் இவர்களும் குழைந்த கஞ்சிதான் வைக்கிறார்கள். தொட்டுக்கொள்ள உப்பில் ஊறிய உமேபோஷி காய்; நம் நாரத்தங்காய் இருக்கிற இடத்தில் அது. எங்கள் வீட்டில் இப்போது இரண்டும் இருக்கின்றன.

இனிப்பு விஷயத்தில் எனக்குக் குறையே இல்லை. தேநீருக்கும் இனிப்புக்கும் பேர்போன ஊர் இது. பயறு விழுதும் அரிசி மாவும் சர்க்கரையும் சேர்த்துப் பூவாகவும் இலையாகவும் செய்வார்கள். பெரும்பாலானவற்றில் முட்டை கிடையாது, நெய்யும் கிடையாது. பாட்டிமார்கள் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் பச்சைத் தேநீரை நுரைக்க அடித்து, ஓர் இனிப்பை வாயில் போட்டுக்கொள்கிற அழகைப் பார்க்கவேண்டும்!

என் விஷயம் இப்படி ஓடிவிட்டது. மகள் விஷயம்தான் அத்தனை சுலபமாக இல்லை.

மழலையர் காப்பகத்தில் மூன்று வருஷம் டப்பாவோடு போய்வந்தவள், 2025 ஏப்ரலில் முதல் வகுப்பு சேர்ந்தாள். நான் வேலை பார்ப்பது வேறு பள்ளிகளில். அவள் பள்ளியில் நான் மற்ற அம்மாக்களைப் போல ஓர் அம்மா, அவ்வளவுதான். சேருவதற்கு முன்பே உணவு ஆசிரியையைப் போய்ப் பார்த்தேன். ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு டாக்டர் எழுதித்தருகிற படிவம் உண்டு. அந்த விஷயத்தில் இங்கே மிகக் கண்டிப்பு. 2012-ல் டோக்கியோ பக்கத்துச் சோஃபு நகரில், பால் ஒவ்வாமை உள்ள ஐந்தாம் வகுப்புச் சிறுமி, இரண்டாம் முறை வாங்கிய பண்டத்தில் சீஸ் இருந்து இறந்துபோனாள். ஒவ்வாமை என்றால் பள்ளிகள் ஏன் அத்தனை ஜாக்கிரதையாக இருக்கின்றன என்பது அதைக் கேட்டபின் நன்றாகவே புரிந்தது.

ஆனால் எங்களுடையது வியாதி இல்லையே, வழக்கம்தானே? அந்த அம்மாள் முகம் சுளிக்கவில்லை. ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே இடத்தில் சமைப்பதால் ஒரு குழந்தைக்குத் தனி டாஷி முடியாது என்று நேராகச் சொன்னார். சாதம், பால், பழம், மீன் சேராத பண்டம் இவற்றைப் பள்ளியில் வாங்கிக்கொள்ளட்டும், மற்றதை வீட்டிலிருந்து கொண்டுவரட்டும் என்று முடிவாயிற்று. ஒவ்வொரு பண்டத்திலும் என்ன சேருகிறது என்ற நீளமான பட்டியலைக் கையில் கொடுத்து, "முடிந்தால் பார்வைக்கு அதே மாதிரி செய்து அனுப்புங்களேன்" என்றார். ஒவ்வாமை உள்ள குழந்தைகளின் அம்மாக்கள் அப்படித்தான் செய்கிறார்களாம்.

அன்று முதல் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் பட்டியல்தான் ராஜா. அங்கே மாமிசக் கட்லெட் என்றால் இங்கே டோஃபுக் கட்லெட். அங்கே சுட்ட கானாங்கெளுத்தி என்றால், டோஃபுவோடு சேனைபோல ஒரு கிழங்கைத் துருவிப் பிசைந்து, கறுப்புக் கடற்பாசித் தாளில் தடவிப் பொரித்து, சோயா சாறு பூசித் தருவேன். தாள் பக்கம் மீன் தோல் மாதிரியே இருக்கும். மடத்துச் சமையலில் பழைய வித்தை இது. காலை ஐந்தரை மணிக்கு இந்தப் பொய் மீனைப் பண்ணிக்கொண்டு நிற்கும்போது எனக்கே சில நாள் சிரிப்பு வரும்.

அக்டோபரில் ஒருநாள் அவள் கேட்டாள்: "அம்மா, ஹனா சானுக்கு முட்டை ஒத்துக்காது. எனக்கு எது ஒத்துக்காது?"

"உனக்கு எல்லாம் ஒத்துக்கும். நாம சாப்பிடறதில்லே, அவ்வளவுதான்."

"ஒத்துக்கும்னா நான் ஏன் சாப்பிடக்கூடாது?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கணவர், "சூப்பு தண்ணிதானே, குடிச்சா என்ன போச்சு? எல்லாக் குழந்தையும் ஒண்ணாச் சாப்பிடணும்னுதானே இவ்வளவு பாடு படறாங்க" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. உயிரைத் தின்பதில்லை என்பது என்னைப் பொறுத்தவரை ருசி சம்பந்தப்பட்டது மட்டுமில்லை. ஆனால் ஏழு வயதில் தட்டைப் பார்த்துத் தனித்து உட்காருவது எப்படி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியாததல்ல; தினமும் பார்க்கிற தொழில்தானே என்னுடையது. வீடியோவில் மாமியாரிடம் சொன்னோம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "குழந்தை பாலைக் குடிக்கிறாளோ?" என்று கேட்டார். குடிக்கிறாள் என்றேன். "சரி" என்றார். அந்தச் 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று நானும் அவரும் இன்னும் வாதம் பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இப்போதைக்கு மூன்றாம் வகுப்பு வரை இதே ஏற்பாடு, பிறகு அவளே சொல்லட்டும் என்று வைத்திருக்கிறோம். கணவருக்கு இதில் முழுத் திருப்தி இல்லை, எனக்கும் இல்லை.

போன வாரம் அவளுக்குப் பரிமாறும் முறை வந்தது. சூப்புக் கரண்டி அவள் கையில். இந்த ஏரியில் கிடைக்கிற ஷிஜிமி என்ற சின்ன மட்டி போட்ட மிசோ சூப். இந்த ஊரின் பெருமையே அதுதான். விடியற்காலையில் படகில் நின்று நீளக் கம்பு வைத்த வாரியால் மட்டி அள்ளுவதைப் பாலத்திலிருந்து பார்க்கலாம். ஒரு சொட்டுச் சிந்தாமல் எல்லாருக்கும் ஊற்றினாளாம். "கிண்ணத்துக்கு எத்தனை மட்டின்னு எண்ணி எண்ணிப் போட்டேம்மா. யாருக்கும் குறையலே" என்றாள். பிறகு தன் இடத்துக்கு வந்து, நான் ஃபிளாஸ்க்கில் அனுப்பியிருந்த கொம்பு சூப்பைக் குடித்தாளாம். அதைப் பற்றி வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் துருவிக் கேட்கவில்லை.

முறை முடிந்தால் வெள்ளிக்கிழமை அந்த அங்கி வீட்டுக்கு வரும். துவைத்து, இஸ்திரி போட்டுத் திங்களன்று கொடுத்துவிடவேண்டும். அடுத்த வாரம் வேறொரு குழந்தை போட்டுக்கொள்ளும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மழை. கொடியில் காயாமல், கொடாட்சு ரஜாய் மேல் விரித்துப் போட்டேன். உள்ளே இட்லி மாவு, மேலே பள்ளிக்கூட அங்கி. ஃபிரிட்ஜ் பட்டியலைப் பார்த்தேன். திங்கட்கிழமை 'கோமா ஆயே'. கீரையை வேகவைத்துப் பிழிந்து, வறுத்த எள்ளை அரைகுறையாகப் பொடித்து, சோயா சாறும் துளி சர்க்கரையும் கலந்து பிசிறுவது. நீங்களும் செய்து பாருங்கள்; பசலைக்கீரைக்கு நன்றாகவே இருக்கும். நீளப் பட்டியலையும் பார்த்தேன். டாஷி இல்லை. அன்றைக்கு ஒரு டப்பா குறைச்சல்.